காரைக்குடியில் ஒரு படிகப் பெட்டி: மனித நொதிக் களத்துக்குக் கிரிஸ்டல் ஸ்கிரீன் எவ்வளவு உதவும்?

ஹாம்ப்டன் ரிசர்ச் என்ற அமெரிக்க நிறுவனம் தயாரிக்கும் கிரிஸ்டல் ஸ்கிரீன், புரதப் படிகம் வளர்க்க விரும்புவோர் முதன்முதலாக வாங்கும் கரைசல் பெட்டிகளுள் ஒன்று. உள்ளே ஐம்பது குழாய்க் குப்பிகள், ஒவ்வொன்றிலும் 10 மில்லிலிட்டர் கரைசல், எந்த எண்ணில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லும் ஒரு பட்டியல். காரைக்குடியில் உள்ள எங்கள் சிறிய ஆய்வகத்தில், மனித நொதி ஒன்றின் வினையூக்கக் களத்தை, அதாவது வினை நடக்கும் பகுதியைப் படிகமாக்கி எக்ஸ் கதிர் ஆய்வுக்குத் தயார் செய்யும் வேலைக்கு இந்தப் பெட்டியைப் பயன்படுத்தினோம். பெருநகர ஆய்வகங்களில் புரதத்தையும் கரைசலையும் கலந்து துளி இடுவதற்கு இயந்திரமும், ஆண்டு முழுவதும் வெப்பம் மாறாத அறையும் இருக்கும். அங்கிருந்து எழுதப்படும் மதிப்புரைகள், செட்டிநாட்டு வெயிலில் கையால் துளி இடுகிறவருக்கு முழுவதும் பொருந்துவதில்லை. அந்தக் குறையை ஓரளவாவது தீர்க்க வேண்டும் என்பதே இதை எழுதுவதன் நோக்கம். என் முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கொடுக்கும் பணத்துக்கு இது தகுதியான பெட்டி. தேட வேண்டிய திசையை இது நம்பகமாகக் காட்டுகிறது. அந்தத் திசையில் மேலே செல்வதற்கான கரைசல்களைத் தம் கையால் தயாரிக்க முன்வராதவர்களுக்கு மட்டும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐம்பது கரைசல்கள் ஏன், அவை எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டன என்பதை அறிந்துகொண்டால்தான் பெட்டியின் பலமும் வரம்பும் விளங்கும். ஒரு புரதம் படிகமாவது கரைசலின் அமிலத்தன்மை, உப்பின் வகை, வீழ்படிவாக்கும் பொருள், புரதத்தின் செறிவு, வெப்பநிலை ஆகிய பலவற்றையும் சார்ந்தது. இவற்றின் எல்லாச் சேர்க்கைகளையும் சோதிப்பதற்கு எந்த ஆய்வகத்திலும் புரதமும் இராது, காலமும் இராது. பெர்க்லியில் பணியாற்றிய ஜான்காரிக், கிம் ஆகிய இருவரும் 1991இல் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். அதுவரை படிகமான புரதங்கள் எந்தெந்தக் கரைசல்களில் படிகமாயின என்று பார்த்து, அவற்றிலிருந்து பரவலாகச் சில புள்ளிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும் அந்த முறைக்கு ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸ் என்று பெயர். கிரிஸ்டல் ஸ்கிரீன் அந்தப் பட்டியலின் வழி வந்தது. பெரும்பாலான குப்பிகளில் பிஎச் 4.6 முதல் 8.5 வரையிலான, அமிலத்தன்மையை மாறாமல் காக்கும் ஒரு தாங்கல் கரைசல், ஓர் உப்பு, ஒரு வீழ்படிவாக்கி என மூன்று பொருள்கள் இருக்கும். வீழ்படிவாக்கிகளாக அம்மோனியம் சல்பேட், பல மூலக்கூற்று எடைகளில் பெக் எனப்படும் பாலிஎத்திலீன் கிளைக்கால், எம்பிடி என்ற ஆல்கஹால், ஐசோபுரோபனால் ஆகியவை மாறி மாறி வருகின்றன. முன்னோர் வெற்றிகண்ட இடங்களையே இது மீண்டும் தட்டிப் பார்க்கிறது என்பதால், அன்றைய புரதங்களைப் போன்று நீரில் கரையும், உறுதியான மடிப்புள்ள புரதங்களுக்கு நன்றாக உதவுகிறது. சவ்வுப் புரதங்களுக்கு இதை முதல் தேர்வாகக் கொள்ளக் கூடாது.

நாங்கள் எடுத்துக்கொண்ட நொதி பிடிபி1பி. புரதங்களில் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் ஏறியிருக்கும் பாஸ்பேட்டை அகற்றுவது இதன் வேலை. இன்சுலின் வந்து சேர்ந்ததும் அதன் ஏற்பியில் உள்ள டைரோசின்களில் பாஸ்பேட் ஏறுகிறது, அதனால் செல்லுக்குள் செய்தி போகிறது. பிடிபி1பி அந்தப் பாஸ்பேட்டை எடுத்துவிட்டுச் செய்தியை அணைக்கிறது. இந்த நொதிக்கான மரபணு இல்லாத எலிகள் இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்த்தன, கொழுப்புமிக்க உணவிலும் அவ்வளவாகப் பருக்கவில்லை என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிதாகிவிட்ட ஊரில் இருந்துகொண்டு இந்த நொதியைத் தேர்ந்தெடுத்ததற்குத் தனியாகக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெட்டியை மதிப்பிடுவதற்கும் இது பொருத்தமான புரதம். டோங்க்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 1988இல் மனித நஞ்சுக்கொடியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பார்ஃபோர்ட், ஃப்ளிண்ட், டோங்க்ஸ் ஆகியோர் 1994இல் இதன் 37 கிலோடால்டன் பகுதியின் படிக அமைப்பை 2.8 ஆங்ஸ்ட்ராம் பிரிதிறனில் வெளியிட்டார்கள். எந்தக் கரைசலில் படிகமாகும் என்பது ஆய்வுக்கட்டுரைகளில் பதிவாகியிருக்கிறது. விடை தெரிந்த கணக்கை ஒரு மாணவனிடம் கொடுத்து அவன் செய்யும் வழியைப் பார்ப்பது போல, எங்கள் சொந்தத் திருத்தங்கள் செய்த களத்தை எடுத்துக்கொள்ளும் முன் இயல்பான களத்தைப் பெட்டியிடம் கொடுத்துச் சோதித்தோம்.

முழு நொதியை விட்டுவிட்டு அதன் களத்தை மட்டும் எடுப்பது ஏன் என்று மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பிடிபி1பி மொத்தம் 435 அமினோ அமிலங்கள் கொண்டது. வினை நடப்பது முதல் முந்நூறு அமினோ அமிலங்களுக்குள். அதற்கு அப்பால் புரோலின் நிறைந்த, நிலையான உருவமில்லாத நீண்ட பகுதி வருகிறது. இறுதியில் உள்ள நீர்வெறுக்கும் வால் எண்டோபிளாச வலையில் நொதியை நங்கூரமிட்டு வைக்கிறது. படிகம் என்பது ஒரே உருவமுடைய மூலக்கூறுகள் முப்பரிமாணத்தில் வரிசை பிசகாமல் அடுக்கப்படுவது. நாற்புறமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய இடத்தில் ஒவ்வொரு மூலக்கூற்றின் வாலும் ஒவ்வொரு பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் வரிசை அமையாது; வால் நுனியோ கரைசலில் நில்லாமல் திரண்டுபோகிறது. அதனால் 1 முதல் 298 வரை, அல்லது 1 முதல் 321 வரை என வெட்டி, இ.கோலை பாக்டீரியாவில் உற்பத்தி செய்வது வழக்கம். குறுகிய வடிவமே படிகத்துக்கு எளிது என்பதால் நாங்களும் 298இல் நிறுத்தினோம்.

புரதத் தயாரிப்பைப் பற்றி இங்கே நீட்டி எழுதப்போவதில்லை. புரதத்தைப் பிடித்துவைக்கும் நிக்கல் குழாய், அதன்பின் அயனிப் பரிமாற்றம், கடைசியாக அளவுவாரிப் பிரிப்பு என்று எல்லோரும் செய்யும் வரிசைதான். ஜெல்லில் ஒரே கோடாகத் தெரிந்தால் போதாது, அளவுவாரிப் பிரிப்பில் ஒற்றை முகடாக, இருபுறமும் சீராக இறங்க வேண்டும் என்பதை மட்டும் வலியுறுத்துகிறேன். திரண்ட புரதத்தை எந்தப் பெட்டியாலும் படிகமாக்க முடியாது. பலர் பெட்டியின் மேல் சுமத்தும் குறை உண்மையில் இந்தக் கட்டத்தில் பிறந்தது. நீரும் அப்படியே. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிப்பதற்கு எவ்வளவு இனிதாயினும், தாங்கல் கரைசலுக்கு 18.2 மெகாஓம் தூய நீர்தான் வேண்டும். அதில் சமரசம் செய்துகொண்டால், கால்சியமும் மக்னீசியமும் பின்னால் எங்கெல்லாம் வந்து குழப்பும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பெட்டியின் வடிவத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, குப்பிகள் தனித்தனியாக இருப்பதுதான். இவற்றில் நாற்பத்தெட்டை, இரண்டாம் பெட்டியின் கரைசல்களோடு சேர்த்துத் தொண்ணூற்றாறு குழித் தொகுதியாகவும் விற்கிறார்கள். அது இயந்திரத்துக்கு ஏற்றது. கையால் வேலை செய்பவருக்கு மூடியைத் திறந்து, 500 மைக்ரோலிட்டர் எடுத்து, உடனே மூடிவைக்கும் குப்பிகளே வசதி. குழி ஒன்றுக்கு 500 மைக்ரோலிட்டர் என்றால் ஒரு குப்பி இருபது முறைக்கு வரும். இருபத்துநான்கு குழித் தட்டு இரண்டில் நாற்பத்தெட்டுக் கரைசல்களே அடங்கும் என்பதால் கடைசி இரண்டுக்கு மூன்றாவது தட்டைத் தொட வேண்டியிருக்கிறது. பலர் அந்த இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். நாங்கள் விடவில்லை. புரதச் செலவு அச்சுறுத்துவதாக இல்லை. மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் செறிவில் துளிக்கு ஒரு மைக்ரோலிட்டர் என்றால், ஐம்பது துளிக்கும் சேர்த்து அரை மில்லிகிராம்தான் ஆகும்.

தொங்குதுளி முறையின் இயக்கம் எளிமையானது. ஒரு மைக்ரோலிட்டர் புரதமும் ஒரு மைக்ரோலிட்டர் குப்பிக் கரைசலும் சேர்ந்த துளியைக் கண்ணாடி மூடியில் இட்டு, தலைகீழாகத் திருப்பி, அதே கரைசல் நிறைந்த குழியின் மேல் கிரீஸ் தடவி அடைக்கிறோம். துளியில் வீழ்படிவாக்கியின் செறிவு பாதிதான் என்பதால், துளியிலிருந்து நீராவி குழியை நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். துளி சுருங்கச் சுருங்கப் புரதம் செறிவடைந்து, நல்வாய்ப்பு இருந்தால் படிகத்தின் முதற்கருக்கள் தோன்றும். அம்மோனியம் சல்பேட் போன்ற உப்புக் கரைசல்களில் இந்தச் சமநிலை சில நாள்களில் வந்துவிடுகிறது. பெக் கரைசல்களில் வாரக்கணக்கில் ஆகலாம். முழு நிகழ்வும் நீராவியின் நகர்வை நம்பியிருக்கிறது என்பதை மனத்தில் கொண்டால், செட்டிநாட்டில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும் என்பது விளங்கும்.

சித்திரையில் காரைக்குடியின் பகல் வெப்பம் நாற்பது டிகிரியை ஒட்டி நிற்கும். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய வளவு வீடுகளின் உள்ளறைகள் அந்த நேரத்திலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கின்றன. நாம் ஆய்வகமாகக் கட்டிவைத்திருக்கும் கான்கிரீட் அறைகளுக்கு அந்தக் குணம் இல்லை. குளிர்சாதனத்தைப் பகலில் ஓடவிட்டு இரவில் அணைத்துவிடும் அறையில் தட்டுகளை வைத்தால், நாள்தோறும் மூடி குழியைவிட விரைவாகக் குளிர்ந்து, நீர் அதன்மேல் ஒதுங்கித் துளியை நீர்த்துப்போகச் செய்யும். மறுநாள் அது மீண்டும் சுருங்கும். இப்படி ஏறி இறங்கும் துளியில் பிறந்த படிகமும் கரைந்துவிடும். இதற்குத் தீர்வு பெட்டிக்குள் இல்லை, நம் கையில் இருக்கிறது. 20 டிகிரியில் நிற்கும் ஓர் இன்குபேட்டரும், 4 டிகிரியில் நிற்கும் ஒரு குளிர்ப்பெட்டியும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்குவதில் பொருளில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுவதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாளில், தட்டுகளைத் தடிமனான தெர்மகோல் பெட்டிக்குள் அடுக்கி, குளிர்ந்த நீர்ப் பைகளோடு மூடிவைத்து, மின்சாரம் வரும்வரை திறக்காமல் இருப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது.

பிடிபி1பி 4 டிகிரியில் நன்றாகப் படிகமாகும் என்பது ஏற்கெனவே அறிந்ததே. அந்தத் தட்டை உருப்பெருக்கியில் பார்க்க வெளியே எடுத்தவுடன், நம் ஊர்க் காற்றின் ஈரம் மூடியின் வெளிப்புறத்தில் பனியாகப் படிந்து எதையும் காணவிடாது. துடைத்துத் துடைத்துப் பார்ப்பதற்குள் துளியும் சூடாகிவிடும். உருப்பெருக்கியையே குளிரறைக்குள் வைக்க முடிந்தவர்கள் நல்வாய்ப்புடையவர்கள். மற்றவர்கள் தட்டைக் குளிர்ந்த உலோகப் பலகை ஒன்றின் மேல் வைத்து, சில குழிகளை மட்டும் விரைந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பதே நல்லது.

இனி பெட்டி என்ன சொன்னது என்பதற்கு வருகிறேன். இங்குதான் இதன் உண்மையான மதிப்பு இருக்கிறது. ஐம்பதில் ஏதாவது ஒன்றில் படிகம் தெரிகிறதா என்று மட்டும் தேடுபவர்கள் பெட்டியின் பெரும்பகுதியை வீணாக்குகிறார்கள். தெளிவாக நிற்கும் துளி, அந்தக் கரைசலில் புரதம் இன்னும் செறிவடையலாம் என்று சொல்கிறது. உடனடியாகப் பழுப்பு நிறத்தில் திரியும் துளி, அங்கே புரதம் கெடுகிறது என்று சொல்கிறது. மெல்லிய வெண்மணல் போன்ற வீழ்படிவு நம்பிக்கைக்குரியது. எண்ணெய்த் துளிபோல் பிரிந்து நிற்பதும், சிறு உருண்டைகளாகத் திரள்வதும் படிகத்துக்கு அண்மையில் இருப்பதற்கான அடையாளமாகப் பலமுறை அமைகின்றன. பாதிக்கு மேற்பட்ட துளிகள் உடனே திரிந்தால் புரதத்தைப் பாதியாக நீர்த்து மீண்டும் இட வேண்டும். ஏறத்தாழ எல்லாமே தெளிவாக நின்றால் செறிவைக் கூட்ட வேண்டும். குறிப்பேட்டில் ஐம்பது எண்களுக்கும் எதிரே துளியின் நிலையை எழுதி, பிஎச் வாரியாகவும் வீழ்படிவாக்கி வாரியாகவும் பிரித்துப் பார்த்தபோது, எங்கள் களம் அமிலப் பக்கத்தில் திரிகிறது, நடுநிலையைத் தாண்டி அமைதியாக இருக்கிறது, பெரிய எடையுள்ள பெக்கை விரும்புகிறது என்ற மூன்று செய்திகள் ஒரு படிகமும் தோன்றுமுன்பே கிடைத்துவிட்டன. இந்த மூன்றுக்காகவே பெட்டியின் விலை தகும் என்பேன்.

“அக்கா, பதினெட்டாம் நம்பர்ல ஊசி மாதிரி ஏதோ மின்னுது, வந்து பாருங்க” என்று ஆய்வு மாணவி அழைத்தது அதற்குப் பிறகு. பதினெட்டாம் குப்பியில் 0.2 மோலார் மக்னீசியம் அசிட்டேட், பிஎச் 6.5இல் 0.1 மோலார் சோடியம் ககோடைலேட், 20 சதவீதம் பெக் 8000 இருக்கின்றன. பிடிபி1பி படிகங்களுக்கு வெளியான கரைசலோ 0.2 மோலார் மக்னீசியம் அசிட்டேட், பிஎச் 7.5ஐ ஒட்டிய ஹெப்பீஸ் என்ற தாங்கல் கரைசல், அதைவிடக் குறைந்த அளவில் அதே பெக் 8000. அதாவது பெட்டி எங்களைச் சரியான தெருவுக்குக் கொண்டுவந்து, இரண்டு வீடு தள்ளி நிறுத்தியிருந்தது. உப்பும் சரி, வீழ்படிவாக்கியும் சரி. அமிலத்தன்மையும் செறிவும்தான் விலகியிருந்தன. எதுவும் தெரியாத புதிய களத்தோடு வருபவருக்கு இந்த அளவு நெருக்கம் கிடைத்தால், அதற்குமேல் ஒரு முதற்கட்டப் பெட்டியிடம் கேட்க முடியாது.

இதே பதினெட்டாம் குப்பியை வைத்து, பெட்டியின் அமைப்பில் நான் மிகக் கடுமையாகக் கருதும் குறையையும் சொல்ல வேண்டும். ககோடைலேட் என்பது ஆர்செனிக் சேர்ந்த பொருள். பட்டியலில் 7, 15, 18, 21, 28 உட்படப் பல எண்களில் பிஎச் 6.5க்கு இதுவே தாங்கல் கரைசல். இது நச்சு என்பது ஒரு புறம். டிடிடி போன்ற, கந்தகம் கொண்ட தயோல் பொருள்களோடு சேரும்போது ககோடைலேட் வேதிமாற்றம் அடைந்து, புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்களில் ஆர்செனிக்கை ஏற்றிவிடக்கூடும் என்பது மறுபுறம். பல புரத அமைப்புகளில் அப்படி ஆர்செனிக் ஏறிய சிஸ்டீன்கள் கண்ணுக்கு நேராகப் பதிவாகியிருக்கின்றன. பிடிபி1பியின் வினை முழுவதும் 215ஆம் இடத்துச் சிஸ்டீனைச் சார்ந்தது. பாஸ்பேட்டைத் தாக்குவது அதன் கந்தகம்தான். அந்தக் கந்தகம் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படி அடைந்தபின் பக்கத்து அமினோ அமிலத்தின் நைட்ரஜனோடு இணைந்து ஒரு வளையமாகவே மாறிவிடும் என்பதை 2003இல் இரண்டு குழுக்கள் படிக அமைப்புகளால் காட்டின. அதைத் தடுக்க டிடிடி சேர்க்காமல் முடியாது. சேர்த்தாலோ ககோடைலேட்டோடு மோதுகிறது. சிஸ்டீனை நம்பி வாழும் எந்த நொதிக்கும் இதே சிக்கல் உண்டு. எனவே ககோடைலேட் குப்பியில் வரும் படிகத்தை ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த கட்டத்தில் அதே பிஎச்சுக்கு மெஸ் அல்லது பிஸ்டிரிஸ் கரைசலுக்கு மாறிவிட வேண்டும். எங்கள் புரதத்துக்கு ஹெப்பீஸ் என்பது தெரிந்திருந்ததால் நேராக அதற்கே போனோம்.

அடுத்த கட்டம் பெட்டிக்கு வெளியே நடப்பது. ஆறு நிரல்களில் பெக் 8000ஐ 10, 12, 14, 16, 18, 20 சதவீதம் என ஏற்றினோம். நான்கு வரிசைகளில் ஹெப்பீஸின் பிஎச்சை 6.8, 7.2, 7.5, 7.8 என மாற்றினோம். இப்படி ஒரே இருபத்துநான்கு குழித் தட்டில் தேவையான இடம் முழுவதும் அடங்கிவிடுகிறது. 50 சதவீத பெக், 1 மோலார் ஹெப்பீஸ் (ஒவ்வொரு பிஎச்சுக்கும் ஒன்று), 1 மோலார் மக்னீசியம் அசிட்டேட் ஆகிய மூன்று வகை மூலக்கரைசல்கள் இருந்தால் போதும். 14 சதவீதக் குழிக்கு ஒரு மில்லிலிட்டர் வேண்டுமானால் பெக் 280, ஹெப்பீஸ் 100, மக்னீசியம் அசிட்டேட் 200, நீர் 420 மைக்ரோலிட்டர். பெக் கரைசல் பாகுபோல் இருக்கும் என்பதால் பிப்பெட் முனையைச் சற்று வெட்டிவிட்டு, மெதுவாக இழுத்து மெதுவாக விட வேண்டும். அளவு தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஊசிகள் குறைந்த பெக் செறிவில் பருத்த படிகங்களாயின. கருக்கள் அளவுக்கு மீறித் தோன்றும் குழிகளிலிருந்து ஒரு மெல்லிய மயிரிழையால் தொட்டு, கருவே தோன்றாத குழிகளின் குறுக்கே இழுத்துவிடும் விதைப்பு முறையும் நல்ல பலன் தந்தது. இந்தக் கரைசல்களையும் தயார்நிலையில் விற்கிறார்கள். வாங்கத் தேவையில்லை. மூன்று பொருள்களை எடைபோட்டுக் கலக்கத் தெரிந்த மாணவர், தம் படிகத்தை என்ன வளர்த்தது என்பதை அறிந்த மாணவராகிறார். அந்த அறிவை எந்தப் பெட்டியும் விற்காது.

உப்புப் படிகங்களைப் பற்றி எச்சரிக்காமல் விடக் கூடாது. பெட்டியில் கால்சியமும் மக்னீசியமும் உள்ள குப்பிகள் பல. உங்கள் புரதத்தைப் பாஸ்பேட் கரைசலில் வைத்திருந்தாலோ, தண்ணீர் சரியில்லாவிட்டாலோ, மிக அழகான, கூர்முனைகள் கொண்ட படிகங்கள் ஓர் இரவிலேயே தோன்றும். அவை புரதம் அல்ல. புரதமே சேர்க்காத துளி ஒன்றையும் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்திலேயே இட்டுவைத்தால், அங்கும் அதே படிகம் வரும்போது விடை தெரிந்துவிடும். புரதப் படிகத்தில் ஏறத்தாழப் பாதி கரைசல்தான் என்பதால் ஊசி முனையால் அழுத்தினால் மெதுவாக நொறுங்கும், மெத்திலீன் நீலச் சாயத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். உப்பு கடினமாக வெடிக்கும், சாயத்தை ஏற்காது. பாஸ்பேட் உள்ள தாங்கல் கரைசலில் புரதத்தைக் கொண்டு இந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

பெக் கரைசல்கள் நாளாக நாளாகக் காற்றோடு வினைபுரிந்து பெராக்சைடுகளையும் ஆல்டிஹைடுகளையும் உண்டாக்கிக்கொள்ளும். வெயிலும் வெளிச்சமும் அதை விரைவுபடுத்தும். சிஸ்டீன் நொதிக்கு இது நேரடியான கேடு. சென்னையிலிருந்து பெட்டியை அனுப்பிய முகவர் ஒருவர், எவ்வளவோ சொல்லியும் குளிர்ப்பையின்றி, கோடையில், சாதாரணச் சரக்கு வண்டியில் அனுப்பிவைத்தார். பொட்டலத்தைத் தொட்டபோதே சூடு தெரிந்தது. ஆகவே ஆர்டர் கொடுக்கும்போதே குளிரூட்டி அனுப்ப வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வதும், கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்களில் வரவழைப்பதும் நல்லது. வந்தவுடன் ஒவ்வொரு குப்பியிலும் திறந்த தேதியை எழுதி, வெளிச்சம் படாமல் 4 டிகிரியில் வைத்துவிட வேண்டும். பயன்படுத்துமுன் அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, படிந்த உப்பு ஏதேனும் இருந்தால் கரையும்வரை கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்க வேண்டும்.

படிகம் வந்தபின் நடப்பவை பெட்டியின் பொறுப்பில் இல்லை. ஆயினும் வாங்குவதற்கு முன்பே அவற்றை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழிக் கரைசலோடு 20 முதல் 25 சதவீதம் கிளிசரால் சேர்த்த துளியில் படிகத்தை நனைத்து, சிறு வளையத்தில் எடுத்து, நீரின் உறைநிலைக்கு 196 டிகிரி கீழே இருக்கும் திரவ நைட்ரஜனில் அமிழ்த்த வேண்டும். திரவ நைட்ரஜன் நம் மாவட்டத்துக்குப் புதிய பொருள் அல்ல. மாடுகளுக்கான சினை ஊசியைக் கால்நடை மருந்தகங்கள் அதில்தான் வைத்திருக்கின்றன. எக்ஸ் கதிர் கருவிக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போகலாம். ஜி. என். ராமச்சந்திரன் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய துறையின் வழி வந்த படிகவியல் மையம் கிண்டியில் இருக்கிறது. கூடுதல் செறிவுள்ள கதிர் வேண்டுமானால் இந்தூரில் உள்ள இண்டஸ்-2 சிங்க்ரோட்ரானில் புரதப் படிகங்களுக்கென்றே ஒரு கதிர்த்தடம் உண்டு. எங்கள் படிகங்கள் பி3121 என்ற இடக்குழுவில் (அடுக்கின் சமச்சீர் வகை), 88, 88, 104 ஆங்ஸ்ட்ராம் பக்கங்கள் கொண்ட அலகுகளோடு அமைந்தன. புரத அமைப்புகளின் தரவு வங்கியில் பதிவாகியுள்ள பிடிபி1பி படிகங்கள் பலவற்றின் அளவும் இதுவே. பழைய வழியிலேயே மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன என்று அறிந்தபோது, பெட்டியின்மேல் எங்களுக்கு இருந்த நம்பிக்கை உறுதிப்பட்டது.

விலையைப் பொறுத்தவரை, இறக்குமதி வரியும் முகவர் பங்கும் சேர்ந்தபின் ஒரு சிறு கல்லூரித் துறைக்கு இது கனமான செலவுதான். ஒரே புரதத்துக்காக ஒரே ஒருமுறை பயன்படுத்தப் போகிறவர்கள் தனியாக வாங்குவதைவிட, பக்கத்து ஆய்வகங்களோடு பகிர்ந்துகொள்வது அறிவு. ஒரு பெட்டியில் இருபது புரதங்களைச் சோதிக்கலாம் என்பதை மேலே பார்த்தோம். ஜேசிஎஸ்ஜி பிளஸ், இண்டெக்ஸ், மார்ஃபியஸ் போன்ற பிற்காலத்துத் தொண்ணூற்றாறு கரைசல் பெட்டிகள் பரப்பில் பெரியவை, அண்மைக் காலப் புரதங்களின் அனுபவத்தையும் உள்வாங்கியவை. துளி இடும் இயந்திரம் கிடைக்கும் இடத்தில் அவற்றைத் தேர்ந்தெடுப்பேன். கையும் மைக்ரோபிப்பெட்டும் மட்டும் உள்ள இடத்தில், ஐம்பது குப்பிகளின் எளிமைக்கே என் வாக்கு.

ஆர்டர் கொடுக்கும்போது சிலிக்கோன் பூசிய 22 மில்லிமீட்டர் கண்ணாடி மூடிகளையும், விளிம்பில் ஏற்கெனவே கிரீஸ் இட்ட தட்டுகளையும் சேர்த்துக் கேளுங்கள். சாதாரண மூடியில் துளி உருண்டு நிற்காமல் பரவிவிடும். கையால் இடும் கிரீஸில் ஓர் இடைவெளி விட்டுப்போனாலும் கோடையில் அந்தக் குழி வறண்டுவிடும். ககோடைலேட் குப்பிகளைக் கையாளும்போது கையுறை அணிவதோடு, மீதிக் கரைசலைத் தொட்டியில் ஊற்றாமல் தனிக் கலனில் ‘ஆர்செனிக் கழிவு’ என்று எழுதிச் சேர்த்துவைத்து, முறைப்படி ஒப்படைக்க வேண்டும். ஆய்வகத்தின் கழிவுநீர் போய்ச் சேரும் இடம் ஊருணியாகவும் இருக்கலாம்.